வண்டி முகப்பில் அப்பிய பூச்சிகள்: மண்ணெண்ணெய் வேண்டாம், ஈரத்துணி போதும்

கேள்வி: தொண்டியிலிருந்து இராமநாதபுரத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக அடிக்கடி இரவில் காரில் வருகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்கள் நிறைந்துவிட்டால் ஈசலும் வண்டும் விளக்கு வெளிச்சத்துக்கு மொய்த்துவந்து பானெட்டிலும் பம்பரிலும் அப்பிக்கொள்கின்றன. ஓட்டுநர் காலையில் மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்ட்டால் தேய்த்து எடுத்துவிடுகிறார். கறை போகிறது. ஆனால் வண்டி வாங்கி ஓராண்டு முடிவதற்குள் முன்பக்கம் மட்டும் பளபளப்பு மங்கிவிட்டது. பூச்சிக் கறைக்கென்றே விற்கும் ஸ்பிரேயை வாங்கலாமா?

பதில்: ஸ்பிரேக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த மண்ணெண்ணெய் டப்பாவை வண்டியிலிருந்து இறக்கிவைக்கச் சொல்லுங்கள்.

மண்ணெண்ணெய் தாரைக் கரைக்கும், கிரீஸைக் கரைக்கும். பூச்சியின் உடற்சாறு பெரும்பாலும் நீரும் புரதமும்தான். அது தண்ணீரில் ஊறினால் இளகும், மண்ணெண்ணெய்க்கு மசியாது. பிறகு எப்படிக் கறை போகிறது என்று கேட்பீர்கள். உங்கள் ஓட்டுநரின் தோள் பலத்தில் போகிறது. காய்ந்த கறையை அருகில் வைத்துப் பாருங்கள்: மஞ்சள் பசை, அதில் ஒட்டிய இறகு, நடுவே நொறுங்கிய வண்டின் ஓடு. அந்த ஓட்டுச் சில்லுகள் கடினமானவை. பனியன் வேஸ்ட் அவற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்ணத்தின் மேல் வட்டம் போடுகிறது. போதாக்குறைக்கு நம் கடற்கரைக் காற்று கொண்டுவந்து தூவிய மணலும் சேர்ந்துகொள்கிறது. காரின் நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சு, கிளியர் கோட் என்பார்கள், பெரும்பாலான வண்டிகளில் 35 முதல் 50 மைக்ரான் தடிமன்தான். ஒரு மில்லிமீட்டரில் 1000 மைக்ரான். தினமும் உரசினால் அது எத்தனை நாள் தாங்கும்? அதற்கு மேல் பூசிய மெழுகு ஏதாவது இருந்திருந்தால் மண்ணெண்ணெய் அதையும் எடுத்துப் போயிருக்கும்.

தேய்க்காமல் விட்டாலும் சேதம்தான். பூச்சிச் சாற்றில் அமிலத் தன்மை உண்டு. வெயிலில் பானெட் சூடேறும்போது மேற்பூச்சு சற்று இளகும், கறை காய்ந்து சுருங்கி அதற்குள் பிடிக்கும். பிறகு கழுவினாலும் பூச்சியின் வடிவத்தில் ஒரு தடம் நின்றுவிடும். ஆகவே இரவு அப்பியதை இரவே, முடியாவிட்டால் மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன், எடுத்துவிடுவது முக்கியம். எதைக் கொண்டு எடுக்கிறோம் என்பதைவிட எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

செய்முறை எளிது. பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடு இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். மணல் போகும்படி மேலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு பழைய பருத்தித் துண்டு ஒன்றைச் சொட்டச் சொட்ட நனைத்து, வீக்கத்துக்குப் பத்துப் போடுவதுபோல் கறையின் மேல் பரப்பிப் பத்து நிமிடம் விடுங்கள். காற்றில் உலர்ந்தால் மறுபடி நனையுங்கள். துண்டை இழுக்காமல் தூக்கி எடுங்கள். பாதி பூச்சி அதோடு வந்துவிடும். மீதியை, கார் ஷாம்பு கலந்த தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் ஒரே திசையில் வழித்தெடுங்கள். ஒரு வழிப்புக்கு ஒரு முறை துணியை அலசுங்கள். வரவில்லையா? இன்னொரு முறை ஊற வையுங்கள். நகத்தால் சுரண்டுவது, பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்ப்பது, சமையல் சோடாவைக் குழைத்துப் பூசித் தேய்ப்பது எதுவும் வேண்டாம். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமும் அன்றாட வேலைக்கு ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் அதே வேகத்தில் மெழுகையும் எடுத்துவிடும்.

இனி நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல். கடலோர ஊர்களில் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. அதில் கழுவிவிட்டு வெயிலில் காயவிட்டால் பூச்சிக் கறைக்குப் பதிலாக வெள்ளைப் புள்ளிகள் நிற்கும்; அவற்றை எடுப்பது பூச்சியைவிடத் தொல்லை. கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக் குடிநீர் கொண்டுவரும் ஊர்களில் அதைக் காருக்கு ஊற்று என்று எழுத எனக்கே கை கூசுகிறது. எனவே குழாயைத் திறந்துவிட்டு வண்டி முழுவதையும் குளிப்பாட்டாதீர்கள். முன்பக்கத்துக்கு மட்டும் என்றால் ஒரு வாளி நல்ல தண்ணீரில் எல்லாம் முடிந்துவிடும். உப்புத் தண்ணீரில்தான் கழுவ முடியும் என்றால் நிழலில் கழுவி, அது காய்வதற்குள் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

ஸ்பிரே? அன்றன்றைக்குக் கழுவுகிறவருக்குத் தேவையில்லை. இரண்டு நாள் வெயிலில் காய்ந்து இறுகிய கறைக்கு உதவும், அதற்கு ஒரு சிறிய புட்டி போதும். வாங்கும்போது, கிளியர் கோட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஏற்றது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். பொட்டலப் பொருள்களுக்கான 2011 விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. கேனிலிருந்து பழைய குடிநீர்ப் புட்டியில் ஊற்றித் தருவதை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். முதலில் கதவின் உள்விளிம்பில் ஒரு துளி தெளித்துச் சோதியுங்கள். சூடான உலோகத்தில் தெளிக்கவோ, தெளித்ததைக் காயவிடவோ கூடாது. ஷாம்புவும் நல்ல துணி நான்கும் வாங்கிய பிறகு பணம் மிச்சமிருந்தால் ஸ்பிரே வாங்கலாம் என்பதே என் வரிசை.

மங்கிப்போன இடத்தை நனைத்துப் பாருங்கள். ஈரத்தில் தெளிந்து, காய்ந்ததும் மங்கினால் பழுது மேற்பூச்சில்தான். நகத்தை மெல்ல ஓட்டுங்கள். கோடு எதுவும் நகத்தில் தட்டவில்லை என்றால் மென்மையான பாலிஷில் பெரும்பாலும் சரியாகிவிடும். தட்டினால் பட்டறை வேலை. பாலிஷும், காம்பவுண்ட் எனும் சற்றுக் கரகரப்பான மெருகுப் பசையும் மேற்பூச்சைச் சிறிது அரித்தே மினுக்கம் தருகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காம்பவுண்ட் போடலாம் என்று யாராவது சொன்னால் வேறு கடையைப் பாருங்கள்.

கேள்வி: வண்ணத்தின் மேல் செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் பூச்சு போட்டால் பூச்சி ஒட்டவே ஒட்டாது, ஐந்தாண்டு உத்தரவாதம் என்கிறார் கீழக்கரையில் எனக்குத் தெரிந்த கடைக்காரர். நம்பலாமா?

பதில்: பூச்சி மோதும், ஒட்டும். கோட்டிங் இருந்தால் எளிதாகக் கழன்றுவரும். அதுவே அதன் பயன். நாள்கணக்கில் விட்டால் கோட்டிங்கிலும் தடம் விழும். உத்தரவாதம் என்பது எதற்கு என்று எழுதி வாங்குங்கள்: பளபளப்புக்கா, பூச்சிக் கறைக்கா, பறவை எச்சத்துக்கா? இடையில் கட்டணப் பராமரிப்புக்கு வந்தால்தான் உத்தரவாதம் செல்லும் என்ற நிபந்தனை உண்டா? அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தால் சொன்ன விலை வேறு விலையாகிவிடும். நிபந்தனைகளைக் காட்டத் தயங்கும் கடையில் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கொடுத்து ஏமாந்தவர்களுக்கு: பில், உத்தரவாத அட்டை, கைப்பேசியில் வந்த விளம்பரம், தேதியுடன் படங்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. பில் வேண்டாம் என்றால் வரி மிச்சம் என்று ஆசைகாட்டுவார்கள்; இந்த வழி எல்லாவற்றையும் அந்தச் சிறு மிச்சத்துக்கு விற்றுவிடாதீர்கள்.

கேள்வி: புதிய காரில் பூச்சிக் கறைத் தடங்கள். வண்ண உத்தரவாதத்தில் சேராது என்கிறது ஷோரூம். சரியா?

பதில்: பொதுவாகச் சரிதான். பூச்சி, பறவை எச்சம், மரப்பிசின், உப்புக் காற்று போன்ற வெளிக்காரணங்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் உத்தரவாதத்திலிருந்து விலக்கியே வைக்கின்றன. ஆனால் கறையே படாத கூரையிலோ கதவிலோ வண்ணம் உரிந்தாலும் கொப்பளித்தாலும் அது வேறு கதை; விடாதீர்கள்.

கேள்வி: இராமேஸ்வரத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். தனுஷ்கோடி போய்த் திரும்பினால் முன்கண்ணாடியில் பூச்சியோடு உப்பும் படிகிறது. வைப்பர் போட்டால் குழம்பாகப் பரவுகிறது.

பதில்: உலர்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டாதீர்கள் தம்பி. வைப்பர் ரப்பரில் மணல் சிக்கியிருக்கும், கண்ணாடியில் வில் வில்லாகக் கோடு விழும். வைப்பரைத் தூக்கி நிறுத்தி ரப்பரை ஈரத்துணியால் துடையுங்கள், பிறகு கண்ணாடிக்கு ஈரத்துண்டு. ஹெட்லைட் மூடி பிளாஸ்டிக், அதற்கும் ஈரத்துண்டுதான். பெட்ரோலும் தின்னரும் பட்டால் மங்கிவிடும். வாட்டர் சர்வீஸில் விட்டால் முன் கிரில்லுக்குள் அழுத்தத் தண்ணீரைக் கிட்டத்தில் வைத்து அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே ஏசி கண்டென்சரின் மெல்லிய தகடுகள் மடிந்தால் காற்று புகாது, ஏசி குளிராது.