உணவுக்குழாய்ப் புற்று அறுவை: வாசகர் கேள்விகள்

அப்பாவுக்குத் திறந்து செய்யலாமா, நுண்துளையா?
நுரையீரலுக்கு நுண்துளை (சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்வது) நல்லது. 2012-ல் ஐரோப்பாவில் வெளியான ஆய்வில், முதல் 2 வாரங்களில் நுரையீரல் தொற்று திறந்த முறையில் 29%, நுண்துளையில் 9%. ஆனால், கை பழகியவர் செய்ய வேண்டும்.

வயிற்றில் மட்டும் நுண்துளை, நெஞ்சைத் திறப்போம் என்கிறார்கள். அரைகுறை வேலையா?
இல்லை. பிரான்சில் 200 பேரிடம், இதை முழுக்கத் திறந்து செய்வதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரிய சிக்கல்கள் 64 சதவீதத்திலிருந்து 36-க்கு இறங்கின. தாராளமாகச் சம்மதிக்கலாம்.

எங்கள் சர்ஜன் ஆயிரக்கணக்கில் லேப்ராஸ்கோப்பி (வயிற்று நுண்துளை அறுவை) செய்தவர். போதாதா?
போதாது! இந்தக் கணக்கைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அந்த ஆயிரத்தில் பித்தப்பை எத்தனை, குடல்வால் எத்தனை, உணவுக்குழாய் எத்தனை? புற்று வந்த உணவுக்குழாயை வெட்டியெடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாயாக்கி மேலே இழுத்து, நெஞ்சுக்குள் இணைக்கிறோம். அந்த இணைப்பு கசிந்தால் சீழ், ஐ.சி.யூ., சில சமயம் உயிரே போகும். நான்கு ஐரோப்பிய மருத்துவமனைகளில் நுண்துளையில் இப்படிச் செய்துகொண்ட சுமார் 650 பேரின் பதிவுகளைப் பார்த்தபோது, கசிவு விகிதம் நிலைப்பட ஏறக்குறைய 120 அறுவைகள் ஆயின. பழகும் காலத்தில் கசிவு 19%. பழகிய பின் 5 சதவீதத்துக்கும் கீழே. கற்றுக்கொண்ட காலத்தில் படுத்தவர்களில் பத்தில் ஒருவருக்கு, அந்தப் பழக்கக்குறைவினாலேயே கசிவு. ஆண்டுக்குப் பத்து செய்பவருக்கு 120 வர 12 வருடம் ஆகும், கணக்குப் போடுங்கள். நெதர்லாந்தில் 2011 முதலே, ஆண்டுக்கு 20-க்குக் குறைவாகச் செய்யும் மருத்துவமனை இந்த அறுவையையே செய்யக் கூடாது. நம் ஊரில் கேட்பார் இல்லை. அதனால் நீங்கள் கேளுங்கள்: போன வருடம் உணவுக்குழாய் மட்டும் எத்தனை, அதில் எத்தனை கசிந்தன? பழகாதவர் என்றால், பழகியவர் பக்கத்தில் நின்று செய்விக்கிறாரா? முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

ரோபோ இருந்தால் பாதுகாப்பா?
ரோபோவில் நீங்கள் அவருக்கு எத்தனையாவது நோயாளி? அதைக் கேளுங்கள்.

குப்புறப் படுக்கவைத்துச் செய்வார்களாம். பயமாக இருக்கிறது.
பயம் வேண்டாம். கோவையில் டாக்டர் பழனிவேலுவின் குழு அப்படிச் செய்த 130 பேரின் விவரத்தை 2006-லேயே வெளியிட்டது. நுரையீரல் தானாகவே விலகி வழிவிடும்.

மாமாவுக்குக் கேன்சர். ஆபரேஷன் தேவையா?
எந்த ஸ்டேஜ், எந்த இடம், எந்த வகை? பயாப்சி, சி.டி. ரிப்போர்ட் எங்கே? ஒரு வரிக் கடிதத்துக்கு ஜோசியம்தான் சொல்ல முடியும். அப்புறம், எந்த சர்ஜனிடம் போனாலும் எண்ணிக்கையைக் கேளுங்கள்.

அறுவைக்கு எத்தனை நாள் முன்னால் சிகரெட்டை விட வேண்டும்?
4 வாரமாவது. இன்றைக்கே விடுங்கள்.