கொதிகலன் வாங்கும் முன் ரேடியேட்டர்களை அளந்துவிடுங்கள்

கேள்வி: ஜோகன்னஸ்பர்கில் ஹில்ப்ரோவுக்கு அருகே, 1930களில் கட்டிய எட்டு மாடி அடுக்ககத்தின் பாடி கார்ப்பரேட்டில் (வீட்டு உரிமையாளர்களின் சங்கம்) நான் ஒரு ட்ரஸ்டி, அதாவது நிர்வாகக் குழு உறுப்பினர். கீழ்த்தளத்தில் உள்ள நீராவி கொதிகலன் முன்பு நிலக்கரியில் எரிந்தது. பிறகு டீசல் பர்னர் பொருத்தினார்கள். இப்போது அடிப்பகுதியில் நீர் கசிகிறது. வீடுகளில் நீராவியால் அறையைச் சூடாக்கும் ஒவ்வொரு இரும்பு ரேடியேட்டருக்கும் இரண்டு குழாய்கள் இருக்கின்றன. எட்டாம் மாடி என்றும் குளிர்தான். காலையில் குழாய்கள் இடிபோல் அதிர்கின்றன. மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி வாங்கினோம். மூன்றும், பழைய பெயர்ப்பலகையில் உள்ளபடி 350 கிலோவாட் கொதிகலனையே சொல்கின்றன. எதை ஏற்பது? அல்லது நீராவியை விட்டு வெந்நீர் முறைக்கு மாறிவிடலாமா?

பதில்: மூன்றையும் திருப்பி அனுப்பிவிடுங்கள். மூவரும் பெயர்ப்பலகையைப் படித்தார்களே தவிர, கட்டடத்துக்குள் நடந்து பார்க்கவில்லை. அந்தப் பலகையில் இருப்பது நிலக்கரிக் காலத்துக் கணக்கு. அன்று அந்தக் கொதிகலன் சலவை அறைக்கும் குளியல் வெந்நீருக்கும் சேர்த்து உழைத்திருக்கும். அதன்பின் எத்தனை வீடுகளில் ரேடியேட்டரைக் கழற்றி எறிந்தார்களோ, அதுவும் பலகைக்குத் தெரியாது.

நீராவி முறையில் கொதிகலனின் அளவை முடிவுசெய்வது ரேடியேட்டர்களின் பரப்புதான். நீராவி அவற்றில்தான் ஒடுங்கி மீண்டும் நீராகிறது. அவை ஒடுக்கக்கூடியதற்கு மேல் நீராவி எழுப்பினால், அழுத்தம் ஏறிப் பர்னர் அணையும், சற்று நேரத்தில் மீண்டும் பற்றும், மீண்டும் அணையும். எரிபொருள் வீணாவதோடு இரும்பும் தேயும்.

ஆகவே ஓர் அளவு நாடாவுடன் வீடு வீடாகப் போகவேண்டும். ரேடியேட்டரின் உயரம், வரிசையாகச் சேர்த்த அதன் துண்டுகளில் ஒன்றில் எத்தனை செங்குத்துத் தூண்கள், மொத்தம் எத்தனை துண்டுகள் என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வார்ப்பிரும்பு ரேடியேட்டர்களுக்கு அட்டவணைகள் இருக்கின்றன. ஏறக்குறைய 97 செ.மீ. உயரமும் மூன்று தூண்களும் உள்ள ஒரு துண்டுக்கு 0.46 சதுர மீட்டர் பரப்பு என்று அவை சொல்லும். ஒரு சதுர மீட்டர் சுமார் 757 வாட் வெப்பம் தரும். உங்கள் கட்டடத்தில் 62 ரேடியேட்டர்கள், ஒவ்வொன்றும் சராசரியாக 2.4 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 149 சதுர மீட்டர், அதாவது 113 கிலோவாட். குழாய்களின் இழப்புக்கும் காலையில் குளிர்ந்த இரும்பைச் சூடாக்குவதற்கும் மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் 150 கிலோவாட். சில நிறுவனங்களின் விவரப்பட்டியலில் இந்த மூன்றில் ஒரு பங்கை ஏற்கெனவே கழித்த அளவும் தனியாக இருக்கும். இரண்டு முறை சேர்த்துவிடாதீர்கள். உண்மையில் அளந்தால் உங்கள் எண் வேறாக வரும், ஆனால் அது 350-க்குப் பக்கத்தில் வராது என்றே நினைக்கிறேன்.

அடுத்தது ஜோகன்னஸ்பர்குக்கே உரிய சங்கதி. நாம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் வாழ்கிறோம். இங்கே தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதிக்கிறது. ஆகவே ரேடியேட்டர்கள் அட்டவணையில் உள்ளதைவிட ஏழெட்டுச் சதவீதம் குறைவாகவே வெப்பம் தரும். அது சமாளிக்கக்கூடியது. பர்னர் விஷயம் அப்படியில்லை. காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதால், டர்பன் கடற்கரையில் குறையில்லாமல் எரியும் பர்னர் இங்கே மூச்சுத்திணறிப் புகை கக்கும். "இந்த உயரத்தில் இத்தனை கிலோவாட்" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கொதிகலன் அறைக்குக் காற்று வரும் திறப்புகளையும் அதே கணக்கில் பெரிதாக்கச் சொல்லுங்கள்.

இனி நான் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். பழைய கொதிகலனின் வயிறு பெரியது. புதியதில் நீர் மிகக் குறைவு. 150 கிலோவாட் கொதிகலன் மணிக்குச் சுமார் 240 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு நான்கு லிட்டர் நீரை ஆவியாக்கும். வேலை மட்டத்துக்கும், நீர் குறைந்தால் பர்னரை நிறுத்தும் பாதுகாப்பு மட்டத்துக்கும் இடையே 40 லிட்டர் இருந்தால், பத்தே நிமிடத்தில் அது தீர்ந்துவிடும். எட்டு மாடி ஏறி ஒடுங்கிய நீர் கீழே வந்துசேர அதைவிட நேரமாகலாம். அதற்குள் தானியங்கி வால்வு நகராட்சிக் குழாயிலிருந்து புது நீரை விட்டுவிடும். பிறகு மேலிருந்து பழைய நீரும் வந்து சேர, கொதிகலன் நிரம்பி வழியும். புது நீர் கொண்டுவரும் ஆக்சிஜன் இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். வாங்கிய சில ஆண்டுகளிலேயே கொதிகலன் ஓட்டையாகிவிட்டது என்ற புகார்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. மருந்து எளிது: திரும்பி வரும் நீரைத் தேக்கிவைக்க ஒரு தொட்டி, கொதிகலனின் நீர்மட்டம் கேட்கும்போது மட்டும் ஊட்டும் ஒரு பம்பு. புது நீர் வரும் குழாயில் ஒரு மீட்டரும் வேண்டும். அது வாரந்தோறும் ஓடினால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள்.

கொதிகலனைச் சுற்றியுள்ள குழாய்களைச் செலவு மிச்சம் என்று பழையபடியே இணைக்க விடாதீர்கள். நீராவியைச் சேகரிக்கும் ஹெடர் நீர்மட்டத்துக்குக் குறைந்தது 60 செ.மீ. மேலே இருக்கவேண்டும். தாழ்ந்தால் நீராவியோடு தண்ணீரும் மேலேறிக் குழாய்களை அறையும். பம்பில்லாமல் நீர் தானாகத் திரும்பும் முறையென்றால், திரும்பும் குழாய் ஹார்ட்ஃபோர்ட் வளையம் வழியாகவே வரவேண்டும். குழாய் உடைந்தாலும் கொதிகலன் முழுதும் வற்றாமல் காக்கும் இந்த அமைப்பை, 1919இல் அமெரிக்காவில் ஒரு கொதிகலன் காப்பீட்டு நிறுவனம் பரவலாக்கியது.

புதிய கொதிகலன் ஓடும் முதல் சில நாட்கள், அதன் நீர்மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பாருங்கள். நீர்மட்டம் விரல் நீளத்துக்கு மேலும் கீழுமாகத் துள்ளினால், கண்ணாடியின் மேல்பகுதியில் மஞ்சள் பிசுக்கோடு துளிகள் ஒட்டியிருந்தால், உள்ளே எண்ணெய் மிதக்கிறது. குழாய்க்கு மரை வெட்டும்போது சேர்ந்த எண்ணெய் அது. கொதிகலனை லேசாகச் சூடாக்கி, மேற்பரப்பு நீரை அதற்கான திறப்பு வழியே மெல்ல மெல்ல, மணிக்கணக்கில் வழியவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை. இந்த இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். நேரம் பிடிக்கும் வேலை என்பதால் பலரும் செய்யாமலே கிளம்பிவிடுகிறார்கள்.

எட்டாம் மாடி குளிர்ந்தால் உடனே அழுத்தத்தைக் கூட்டுவார்கள். தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். இப்படிப்பட்ட கட்டடத்துக்கு 0.14 பார் அழுத்தமே தாராளம். மேல்மாடிக்கு நீராவி போகாததற்குக் காரணம், குழாயில் சிக்கிய காற்று வெளியேற வழியில்லாமை, அல்லது ரேடியேட்டரின் வெளிவாயில் இருக்கும் ஸ்டீம் டிராப் (நீரை வெளியே விட்டு நீராவியைத் தடுக்கும் வால்வு) திறந்தபடியே கெட்டுப்போயிருத்தல். கெட்ட டிராப் நீராவியைத் திரும்பும் குழாய்க்குள் விட்டுவிடும். அங்கே அது குளிர்ந்த நீரோடு மோதுவதும் நீங்கள் கேட்கும் இடியோசைக்கு ஒரு காரணம். டிராப்புக்கு ஒரு சாண் தள்ளி வெப்பமானியை வையுங்கள். ரேடியேட்டர் அளவுக்கே அங்கும் சூடு என்றால் அந்த டிராப் போய்விட்டது. எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றுங்கள். கொதிகலனைவிட இந்தச் செலவுதான் முதலில் பலன் தரும்.

வெந்நீர் முறைக்கு மாறுவது பற்றிக் கேட்டீர்கள். உங்கள் குழாய்கள் 90 ஆண்டுகளாக மெல்லிய நீராவியை மட்டுமே சுமந்தவை. எட்டு மாடி உயரத்துக்கு நீர் நிரப்பினால் அடித்தளத்தில் இரண்டரை பார் அழுத்தம் நிற்கும். ஒவ்வொரு பழைய இணைப்பும் ஒரு வீட்டின் கூரையை நனைக்கக் காத்திருக்கும். துண்டுகள் கீழ்ப்பக்கம் மட்டும் இணைந்த ரேடியேட்டராக இருந்தால் நீர் முழுமையாகச் சுழலவும் செய்யாது. ரேடியேட்டரிலிருந்து குழாய்வரை எல்லாவற்றையும் மாற்றப் பணம் இருந்தால் ஒழிய வேண்டாம் என்பேன். ஆனால் குளியல் வெந்நீரைக் கொதிகலனிலிருந்து பிரித்து, வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து நீரைச் சூடாக்கும் ஹீட் பம்புக்கு மாற்றிவிடுங்கள். கோடையில் அதற்காக மட்டும் நீராவி எழுப்புவது வீண்.

பழைய குழாய்களைச் சுற்றியுள்ள வெள்ளைப் பூச்சு, நுரையீரலைக் கெடுக்கும் கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்பு மிக அதிகம். யாரும் சுரண்டிப் பார்க்கவேண்டாம். 2020ஆம் ஆண்டின் கல்நார் ஒழிப்பு விதிமுறைகளின்படி, பதிவுபெற்ற ஒப்பந்ததாரரே அதை அகற்றலாம். அகற்றியபின் கனிமக் கம்பளியால் குழாய்களை மீண்டும் போர்த்துங்கள். இல்லையேல் நீராவி கீழ்த்தளத்திலேயே ஒடுங்கிவிடும்.

புதிய கொதிகலனை மாகாணத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் பதிவுசெய்ய வேண்டும். 36 மாதங்களுக்குள் மறுபரிசோதனை செய்ய வேண்டும். 2009ஆம் ஆண்டின் அழுத்தக் கருவி விதிமுறைகள் இதைக் கட்டாயமாக்குகின்றன. செலவை உங்கள் பத்தாண்டுப் பராமரிப்புத் திட்டத்தில் ஏற்றினால் சேமிப்பு நிதியிலிருந்து எடுக்கலாம். எரிபொருளைப் பொறுத்தவரை, இங்கே குழாயில் வரும் எரிவாயு மொசாம்பிக்கின் பாண்டே, டெமானே வயல்களிலிருந்து வருகிறது. அவை வற்றிவருகின்றன. வாயு, டீசல் இரண்டிலும் எரியும் பர்னரே இப்போது நம்பத்தக்கது. 150 கிலோவாட் ஒன்றுக்குப் பதில் 75 கிலோவாட் இரண்டாக வாங்குங்கள். ஒன்று நின்றாலும், இங்கே குளிர்காலமான ஜூலை இரவில் முதியவர்கள் நடுங்க வேண்டியிராது. வேலையைச் செப்டம்பரில் தொடங்குங்கள், மே மாதத்தில் அல்ல.

அதுவரை பழையதைக் கவனித்துக்கொள்பவரிடம் இன்றே ஒன்றைச் சொல்லிவிடுங்கள். கண்ணாடிக் குழாயில் நீர் தெரியவில்லை என்றால் பர்னரை அணைத்துவிட்டு, கொதிகலன் முழுதும் ஆறும்வரை ஒரு சொட்டுக்கூட நீர் விடக்கூடாது. சூடான வெற்று இரும்பில் குளிர்நீர் பட்டால் வார்ப்பிரும்பு பிளந்துவிடும், அருகில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து.