நடிக்காமல், இயக்காமல் சினிமாவில் பெரிய ஆளாக வர முடியுமா?

வணிகம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: சினிமாவில் நிர்வாகப் பக்கம் போனால் எதிர்காலம் உண்டா, இலங்கையில் அப்படி யாராவது சாதித்தார்களா?

தாராளமாக உண்டு. சேர் சிற்றம்பலம் கார்டினரை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் அவர் பெயரில் வீதியே இருக்கிறது. ஆனால் அவர் யார் என்று கேட்டால் நம்மவர்களிலேயே பலருக்குத் தெரியாது, அது எனக்கு உண்மையிலேயே கவலை. 1928இல் சிலோன் தியேட்டர்ஸ் கம்பனியைத் தொடங்கிய தமிழர் அவர். 1947இல் 'அசோகமாலா' என்ற சிங்களப் படத்தைத் தயாரித்தார். சிங்களத்தின் முதல் பேசும்படம் வந்ததும் அதே ஆண்டில்தான், அதைத் தயாரித்த எஸ்.எம்.நாயகமும் தமிழர். ஆனால் கார்டினர் படம் எடுக்க வந்தது பிறகு. முதலில் கையில் எடுத்தது படம் காட்டும் தொழிலை. சரியான கணக்கு அது. ஒரு படம் விழுந்தாலும் தியேட்டர் நிற்கும், அடுத்த கிழமை வேறு படம் ஓடும்.

திருகோணமலையில் என் மாமா ஒரு தியேட்டரில் மனேஜராக இருந்தார். கொழும்பு, யாழ்ப்பாணம் எல்லாம் ஓடி முடிந்த பிறகுதான் படப்பெட்டி ரயிலில் எங்கள் ஊருக்கு வரும். பெட்டி வந்ததும் ஒப்பரேட்டர் சுருளைக் கையால் ஓட்டி, அறுந்து ஒட்டிய இடங்களைப் பார்ப்பார். மாமா அந்த நேரம் போன படத்தின் கலரி (விலை குறைந்த வகுப்பு), பல்கனி டிக்கெட் கட்டைகளை எண்ணிக்கொண்டிருப்பார். வாடைக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளித்தால் படகுகள் இறங்காது, தொழிலுக்குப் போகிறவர்கள் கையில் காசு இருக்காது, கலரி காலியாகிவிடும். அதனால் கார்த்திகை, மார்கழியில் கூடிய விலைக்குப் படம் வாங்கித் திரையிடவே மாட்டார். பெரிய நடிகர் படமென்று விநியோகக்காரர் எவ்வளவு சொன்னாலும் அசைய மாட்டார். நிர்வாகம் என்று நான் சொல்வது இந்த அறிவைத்தான். எங்கள் ஊர்க் கடலைத் தெரியாமல் கொழும்பில் இருந்து இதைச் செய்ய முடியாது.

1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து, படங்களை இறக்குமதி செய்து விநியோகிக்கும் வேலை தனியார் கையை விட்டுப் போனது. கார்டினர் அப்போது உயிரோடு இல்லை. ஆனால் அவர் தொடங்கிய கம்பனி படுத்துவிடவில்லை, 1981இல் கார்கில்ஸ் என்ற வணிக நிறுவனத்தை வாங்கியது. இன்று நம் ஊர் கார்கில்ஸ் ஃபுட் சிட்டியில் சாமான் வாங்குகிறோமே, அதன் பின்னால் இருப்பது ஒரு சினிமாக் கம்பனி!

அதனால் தம்பி, தயாரிப்பு நிறுவனங்களுக்கு மட்டும் விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் ஒரு தியேட்டரில் கணக்கு வேலைக்குப் போங்கள். ஒரு வருடமாவது இருந்து, எந்த மாதம் எந்த வகுப்பு நிரம்புகிறது என்று பாருங்கள். விநியோகக்காரரிடம் வசூல் பங்கு பேசும்போது மனேஜருக்குப் பக்கத்தில் இருக்க விடுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.