மேல் இமை அறுவைக்குப் பின் வலது கண் முழுதாக மூடவில்லை

மேல் இமையின் மிகுதியான தோலை நீக்கும் அறுவை முடிந்து பத்து நாளாகிறது, இடது கண் சரியாக மூடுகிறது, வலது கண் மட்டும் உறக்கத்தில் சற்றுத் திறந்திருந்து காலையில் வறள்கிறது, தோலை அதிகமாக வெட்டிவிட்டார்களா, மறு அறுவை வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பத்தாம் நாளில் வலது கண் உறக்கத்தில் ஓரிரு மில்லிமீட்டர் திறந்திருப்பதை மட்டும் வைத்து, தோலை அதிகமாக வெட்டிவிட்டார்கள் என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை. மறு அறுவையைப் பற்றிப் பேசும் காலமும் இதுவன்று.

பெரும்பாலும் வீக்கமே காரணம். மிகுதியான தோலை நீக்கும்போது, கண்ணை மூடும் வட்டத் தசையின் ஒரு கீற்றையும் சில வேளைகளில் எடுப்பதுண்டு என்பதால், அத்தசை சோர்ந்தும் வீங்கிய இமை விறைத்தும் நிற்க, இமை முழுதாக இறங்குவதில்லை. இது பொதுவாகச் சில வாரங்களில் தணியும். இரு கண்களும் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை. இடது கண் சரியாக மூடுவதாலேயே வலதில் பிழை நேர்ந்ததாகாது.

இதைக் கண்ணாடியில் பார்த்துச் சோதிக்க முடியாது (மூடிய கண்ணால் எதைப் பார்ப்பது?). மல்லாந்து படுத்து, கண்ணை மென்மையாக மூடி, வீட்டார் ஒருவரைக் கால்மாட்டிலிருந்து கைபேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். சில நாட்களுக்கு ஒருமுறை அதே கோணத்தில் எடுத்து ஒப்பிட்டால் இடைவெளி குறைகிறதா என்பது தெரியும். படங்களை மருத்துவரிடமும் காட்டுங்கள்.

காலை வறட்சிக்கு, பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் இரவில் கண்ணுக்கான மசகுக் களிம்பும் போதுமா என்று அவரிடமே கேளுங்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருந்துக்கடையில் நீங்களாக வாங்க வேண்டாம்.

ஆனால் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல் நீடித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, கருவிழி காய்ந்து புண்ணாகியிருக்கக்கூடும். அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். கடும் வலியுடன் விழி பிதுங்கினால் நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.