ஓர்க்குகளுக்குத் தமிழில் என்ன பெயர்?

வெள்ளவத்தை வாசகி ஒருவரின் கேள்வி: "கொழும்புக் கால்வாய்களுக்கு அடியில் ஒரு பயங்கர இனம் வாழ்வதாக ஃபேன்டஸி நாவல் எழுதுகிறேன். அவர்களை ஓர்க் என்று எழுதினால் சட்டச் சிக்கல் வருமா? அரக்கர், இயக்கர் என்று வைக்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். எது பொருந்தும்?"

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். ஃபேன்டஸிக் கதைகளில் கூட்டமாக வந்து போரிடும் கொடிய இனத்துக்குப் பெயர் ஓர்க். அந்தச் சொல் பழைய ஆங்கிலத்திலேயே உண்டு. பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் தீய பிறவிகளை அடுக்கும் இடத்தில் 'ஓர்க்நேயாஸ்' என்று வருகிறது. ஆங்கில ஃபேன்டஸி எழுத்தாளர் டோல்கீன் அதைப் பழைய ஆங்கிலத்திலிருந்துதான் எடுத்தார். 1937இல் வந்த அவருடைய 'தி ஹாபிட்' நாவலில் இந்த இனத்துக்குப் பெரும்பாலும் கோப்ளின் என்றே பெயர் இருக்கும். ஓர்க் ஊரறிந்த சொல்லானது 1954இல் வரத் தொடங்கிய அவருடைய மோதிரக் கதையான 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலுக்குப் பிறகு. அவர் கதைகளில் வரும் குள்ள மனித இனமான ஹாபிட்டின் விஷயம் வேறு. 1974இல் வெளியான டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாட்டில் ஹாபிட்டும், அவருடைய நடமாடும் மரங்களான என்ட்டும் இருந்தன. டோல்கீன் கதைகளின் உரிமைக்காரர்கள் ஆட்சேபித்ததும் அவை ஹாஃப்லிங், ட்ரீன்ட் என்று பெயர் மாறின. ஆகவே ஓர்க் சரி, ஹாபிட் பக்கம் போகவேண்டாம்.

ஆனால் 'ஓர்க்குகளுக்கு' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல இல்லையா? முந்நூறு பக்கத்துக்கு வேற்றுமை உருபு ஏற்கப்போகிற சொல் அது.

அரக்கர் என்றால் வாசகருக்கு உடனே பத்துத் தலை வந்துவிடும். இயக்கர் இன்னும் சிக்கல். சிங்களத்தில் 'யக்கா' என்பதும் இதே சொல்தான். நோய் தீர்க்கும் சன்னி ஆட்டத்தில் முகமூடி போட்டு வருவது அவர்தான். இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தில், கடல் கடந்து வந்து இறங்கிய விஜயனின் ஆட்கள் குவேனியைக் காணும்போது, இயக்கியான அவள் ஒரு மரத்தடியில் இருந்து நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். இந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. நூல் நூற்கிறவளுக்கு இயக்கி என்று பெயர் எழுதியது வந்து இறங்கியவர்களின் வழிவந்தோர். மணிமேகலையிலும் இப்படித்தான். கப்பல் உடைந்து நாகர் மலையில் கரையொதுங்கிய சாதுவன், அவர்களுடைய பாஷை தெரிந்ததால் தின்னப்படாமல் தப்புகிறான். நாகர் தலைவன் கள்ளுப்பானைக்கும் காய்ந்த எலும்புக்கும் நடுவே, பெண்கரடியோடு இருக்கும் ஆண்கரடிபோல மனைவியோடு இருந்தானாம். கரடி என்பது புலவர் கண்ணுக்குத்தான். தலைவனோ விருந்தாளிக்குக் கள்ளும் ஊனும் கொடுக்கச் சொல்கிறான்!

என்னைக் கேட்டால், கூளி என்று வையுங்கள். கூளி என்றால் பேய். புறநானூற்றின் 23ஆம் பாட்டிலோ, பாண்டியன் நெடுஞ்செழியனுடைய வில்வீரர்களைக் 'கூளியர்' என்கிறார் கல்லாடனார். முருகனுடைய சுற்றத்தைப் போன்ற அவர்கள், பகைவர் நாட்டில் வேண்டியதை அள்ளிக்கொண்டு மிச்சத்தை அழிக்கிறார்கள். பேய்க்கும் கொள்ளையிடும் படைக்கும் ஒரே சொல். அப்புறம் கூளியை, கூளிக்கு, கூளியரோடு என்று எந்த உருபும் இடறாமல் ஒட்டும்.

ஒன்று மட்டும் கவனம். கூளி என்பது நகரத்தார் வைத்த பெயராக மட்டும் இருக்கட்டும். கால்வாய்க்குள் இருப்பவர்கள் தங்களைக் கூளி என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். ஆர்க்டிக் பகுதிப் பூர்வகுடிகளின் இனுயிட் என்ற பெயருக்கு அந்த மொழியில் 'மக்கள்' என்றுதான் அர்த்தம். உங்கள் ஆட்களும் தங்களுக்குள் வெறுமனே 'ஆக்கள்' என்று கதைத்துக்கொள்ளலாம். அப்படியே, காலி வீதிப் பாலத்தில் நின்று தண்ணீரை எட்டிப் பார்க்கும் நமக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரையும் முதல் அத்தியாயம் தொடங்க முன்னர் எழுதி வையுங்கள்.