அடுப்புக் கதவில் சூடு ஓடும் வழி

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் வீட்டுக்குப் பின்னால் செங்கல் குவிமாடமாகப் பிட்சா அடுப்பு கட்டியிருக்கிறோம். குவிமாடத்தின் உள் உயரம் 45 செ.மீ. வாய் 45 செ.மீ. அகலம், 28 செ.மீ. உயரம். ராத்திரி பிட்சா சுட்ட சூட்டிலேயே காலையில் ரொட்டி போட ஆசை. ஆனால் விடிவதற்குள் அடுப்பு ஆறிவிடுகிறது. பட்டறை அண்ணாச்சி, "8 மி.மீ. பிளேட்டில் ஒரு கதவு அடித்துத் தாரேன், அசையாது" என்கிறார். செய்யலாமா?

பதில்: அசையாதுதான். உங்கள் வாய் அளவுக்கு 8 மி.மீ. தகடு ஏறக்குறைய 8 கிலோ நிற்கும். ஆனால் சூடு நிற்காது. இரும்பில் கனம் கூடினாலும் சற்று நேரத்தில் உள்முகத்தின் சூடு வெளிமுகத்துக்கு வந்துவிடும். காற்றோட்டத்தை அடைக்கும், அந்த வரைக்கும் லாபம்.

பட்டறைக்குப் போகுமுன் ஒன்று பாருங்கள். அடுத்த முறை எரித்து மூன்று மணி நேரம் கழித்து, குவிமாடத்தின் வெளிப்பூச்சில் உள்ளங்கையை வையுங்கள். வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் கோளாறு கதவில் இல்லை. குவிமாடத்துக்கு மேல் காப்பே, அதாவது சூடு வெளியேறாமல் தடுக்கும் அடுக்கே, போடவில்லை என்று அர்த்தம். தரைச் செங்கல்லை நேராக கான்கிரீட்டின் மேல் பதித்திருந்தாலும் இதே கதிதான். அவற்றைச் சரிசெய்யாமல் கதவுக்குச் செலவழிப்பது வீண். வாயின் உயரம் சரி. குவிமாட உயரத்தில் 63 சதவீதம் என்பது பழகிய கணக்கு. உங்களுடையது அதற்கு வெகு பக்கத்தில்தான் இருக்கிறது.

கதவை உள் தகடு, நடுவில் காப்பு, வெளித் தகடு என மூன்றடுக்காகச் செய்யுங்கள். தகடு 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. எம்.எஸ். (சாதாரண இரும்பு) போதும். ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்பு) வேண்டாம். துத்தநாகம் 419 டிகிரியில் உருகும். வெல்டிங் வைக்கும்போதே அதன் புகை காய்ச்சலை வரவழைக்கும். காப்புக்கு செராமிக் ஃபைபர் கம்பளி, 25 மி.மீ. கனத்தில் இரண்டு மடிப்பு. ஹார்டுவேர் கடையில் கிடைக்காவிட்டால், அரிசி ஆலை பாய்லருக்கு லேக்கிங் (காப்புச் சுற்றும் வேலை) செய்பவர்களிடம் கேளுங்கள், துண்டு மிச்சமிருக்கும். ராக்வூலும் (கல்லை உருக்கி இழுத்த நார்) ஆகும். கிளாஸ் வூலில் உள்ள பசை இந்தச் சூட்டில் கருகி நாறும். வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். அந்த நார்த்தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பட்டறைக்காரர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இனிமேல்தான். கம்பளியை வைத்து, சுற்றிலும் நாலு பக்கமும் பட்டை போட்டு, பெட்டிபோல அழகாகப் பற்றவைத்துத் தருவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கதவின் சுற்றளவு 1.46 மீட்டர். அந்த 1.6 மி.மீ. இரும்பு விளிம்பு ஒன்று மட்டுமே, நடுவில் இருக்கும் கம்பளி முழுவதும் கடத்துகிற சூட்டைப்போல ஏறக்குறைய 9 மடங்கைக் கடத்தும். காரணம், இரும்பு இந்தக் கம்பளியைவிட நானூறு மடங்குக்கு மேல் சூடு கடத்தும். கம்பளிக்குக் கொடுத்த காசெல்லாம் விளிம்பு வழியாகப் போய்விடும்.

ஆகவே உள் தகடும் வெளித் தகடும் ஒன்றையொன்று தொடக் கூடாது. உள் தகட்டை 4 செ.மீ. ஆழத் தட்டாக மடக்குங்கள். கம்பளி 5 செ.மீ.; ஆகத் தட்டின் விளிம்புக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவே 1 செ.மீ. இடைவெளி கிடைக்கும். இரண்டையும் நான்கு 6 மி.மீ. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்டட்டால், அதாவது தலையில்லாத மரைக் கம்பியால், மட்டும் பிடியுங்கள். தகட்டின் இரண்டு பக்கமும் நட்டு போட்டால் இடைவெளி மாறாது. நான்கு ஸ்டட்டு கடத்துவது சொற்பம். அந்த இடைவெளியை 12 மி.மீ. செராமிக் கயிறால் மூன்று பக்கம் சுற்றுங்கள். அதுவே காற்றை அடைக்கும் வேலையையும் பார்க்கும். தரையில் உரசும் அடிப்பக்கத்துக்கு 0.5 மி.மீ. எஸ்.எஸ். பட்டையை ஒரே ஓரத்தில் பிடியுங்கள், மறு ஓரம் தொடாமல் நிற்கட்டும். கடையில் மலிவாக வெள்ளைக் கயிறு நீட்டினால், ஆஸ்பெஸ்டாஸா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் வேண்டாம்.

வாயின் அளவை அட்டையில் வெட்டிக் கொண்டுபோங்கள். சொந்தக் கையால் கட்டிய அடுப்பில் நாலு மூலையும் ஒரே மட்டமாக இருந்து நான் பார்த்ததில்லை. தட்டு 44 செ.மீ. அகலம் இருக்கட்டும்; 300 டிகிரி ஏறினால் இரும்பு ஒன்றரை மி.மீ. விரியும், அதற்கு இந்த இடம் தாராளம். கதவு புகைக்கூண்டுக்கு உட்புறம் உட்கார வேண்டும். வெளிப்புறம் வைத்தால் சூடு கூண்டு வழியாகவே போய்விடும்.

கீல் தேவையில்லை. செங்கல்லில் அது சீக்கிரம் ஆடிவிடும். மொத்தம் 5 கிலோ சொச்சம்தான் வரும், இரண்டு கையால் தூக்கி வைக்கலாம். கைப்பிடிக்கு வேப்பங்கட்டை, தகட்டிலிருந்து 5 செ.மீ. தள்ளி. உள்முகத்துக்குப் பெயின்ட் கூடாது. தோசைக்கல் பழக்குவதுபோல எண்ணெய் தடவிச் சூடேற்றுங்கள். சாரல் காலத்தில் துரு பிடித்தால் தேய்த்துவிட்டு மறுபடியும் அதையே செய்யுங்கள்.

தீ எரியும்போது கதவைப் போடாதீர்கள். உடைமர விறகின் தணல் முழுவதையும் வாரி எடுத்த பிறகே மூட வேண்டும். தணல் மிச்சமிருக்கும் அடுப்பைச் சட்டெனத் திறந்தால், தேங்கிய வாயு காற்றுப் பட்டுத் தீயாக முகத்தில் அடிக்கும். ஓரமாக நின்று, விரல் அளவு திறந்து, கொஞ்சம் பொறுத்து எடுங்கள்.

குவிமாடமும் தரையும் ஒழுங்காகக் காப்பிடப்பட்டிருந்தால், காலையில் 200 டிகிரிக்கு மேல் நிற்பது சாதாரணம். கதவில் டயல் தெர்மாமீட்டர் பொருத்தினாலும் அது காட்டுவது காற்றின் சூட்டைத்தான். ரொட்டிக்குத் தரைதான் முக்கியம். தரையில் ஒரு சிட்டிகை மைதா தூவுங்கள்: உடனே கருகினால் கதவைத் திறந்து வைத்துக் காத்திருங்கள், மெல்லப் பழுப்பேறினால் ரொட்டியைப் போடுங்கள்.