பாலையா கேட்டுக்கொண்டிருக்கிறார்

அன்புள்ள ஐயாவுக்கு,

பார்த்த படங்களை வகைவகையாகப் பிரித்து, மதிப்பெண் போட்டு, ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். கலைப்படங்களில் ‘வீடு’, ‘உதிரிப்பூக்கள்’. துப்பறியும் படங்களில் ‘அந்த நாள்’. பேய்ப் படங்களில் எதற்கும் முதலிடம் கொடுக்க மனம் வரவில்லை. நகைச்சுவையில் ‘காதலிக்க நேரமில்லை’. இதைச் சொல்லச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது; சும்மா சிரித்துவிட்டுப் போகிற படத்தை மற்றவற்றோடு சேர்க்கக் கூடாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பழைய படங்கள் மெதுவாக நகர்வதால் கைப்பேசியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறேன். கதை ஒன்றும் விட்டுப்போவதில்லை. ஒவ்வொரு வகையிலும் உங்களுக்குப் பிடித்த படம் எது? உலக சினிமாவைப் பார்த்த பிறகுதான் தமிழ்ப்படத்தை மதிப்பிட வேண்டுமா?

எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

நடிகர் டி.எஸ். பாலையாவைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச காலமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் அதற்கு வழி செய்து கொடுத்தது. கூடவே கொஞ்சம் கோபத்தையும் கிளப்பிவிட்டது.

உலக சினிமா பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன். பிடித்ததைப் பாருங்கள், அதற்கு யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. மதிப்பெண்களைப் பற்றியும் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ‘வீடு’ ஒன்பதா ஒன்பதரையா என்பதை நீங்களும் உங்கள் நோட்டும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘காதலிக்க நேரமில்லை’ பிடிக்கும் என்பதற்காக நீங்கள் கூச்சப்பட்டிருக்கிறீர்கள், அதே படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்ததற்காகக் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. கூச்சம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

1964இல் ஸ்ரீதர் எடுத்த அந்தப் படத்தில், ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் என்ற படக்கம்பெனி நடத்தும் செல்லப்பாவான நாகேஷ் தன் தந்தையான பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி எல்லோருக்கும் தெரியும். காற்றும் கதவும் காலடியும் எல்லாம் நாகேஷின் வாயிலிருந்தே வருகின்றன. திரையில் பேயும் இல்லை, இருட்டும் இல்லை. ஆனாலும் தமிழில் எடுக்கப்பட்ட பேய்க்காட்சிகளில் அதற்கு இணையாக நான் எதையும் வைக்கமாட்டேன். பேய்ப் படத்துக்கான முதலிடம் உங்கள் நோட்டில் காலியாக இருக்கிறதல்லவா, அதை நகைச்சுவைப் பக்கத்திலிருந்தே நீங்கள் நிரப்பியிருக்கலாம்.

அந்தக் காட்சியின் பெருமையில் பாதி பாலையாவுக்கு உரியது என்பதைப் பலரும் சொல்லியாகிவிட்டது. பாதி அல்ல, அதற்கும் மேல் என்பது என் கட்சி. 1966இல் ஸ்ரீதரே இந்தப் படத்தை ‘ப்யார் கியே ஜா’ என்று இந்தியில் எடுத்தார். நாகேஷின் இடத்தில் மெஹ்மூத், பாலையாவின் இடத்தில் ஓம் பிரகாஷ். மெஹ்மூத் நாகேஷுக்குச் சளைத்தவரல்லர். ஓம் பிரகாஷும் நன்றாகவே பயப்படுகிறார். ஆனால் பாலையாவிடம் பயத்துக்கு முன்னால் ஓர் அலட்சியம் இருக்கிறது. வெட்டியாகத் திரியும் மகன் என்ன சொல்லிவிடப் போகிறான் என்ற எஸ்டேட் முதலாளியின் அலட்சியம், பிறகு சரி கேட்டுத்தான் பார்ப்போமே என்ற இறக்கம், பிறகு தன்னை அறியாமல் எட்டிப்பார்க்கும் ஆர்வம், அதன் பிறகே பயம். இத்தனை படிகளையும் அவர் ஏறக்குறைய வசனமில்லாமலே இறங்கி வருகிறார். பயந்துவிட்ட பிறகும், பணக்கார அப்பா பயப்படலாமா என்ற வெட்கம் முகத்தின் ஓர் ஓரத்தில் மிச்சம் இருக்கிறது.

என் சித்தப்பா ஒருவருக்கு, அரிசி ஆலையில் நெடுங்காலம் வேலை பார்த்ததில் காது மந்தமாகிவிட்டது. எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு இந்தப் படம் மறுபடி வந்தபோது அவர் பக்கத்தில்தான் நான் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்தேன். அந்தக் காட்சியில் கொட்டகை முழுவதும் நாகேஷின் அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்து சிரித்தது. சித்தப்பாவோ ஒவ்வொரு தடவையும் மற்றவர்களுக்குச் சற்று முன்பாகவே சிரித்தார். சத்தம் அவருக்கு எட்டவில்லை, ஆகவே அவர் பாலையாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இருந்த ஒருவர், “படத்தை ஏற்கெனவே பார்த்துட்டீங்களா அண்ணே?” என்று திரும்பிக் கேட்டார். அதுவும் சித்தப்பாவுக்குக் கேட்கவில்லை. படம் பார்ப்பது எப்படி என்று எனக்கு யாராவது கற்றுக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அவர்தான். பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரைப் பார்க்கும் பழக்கம் அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது.

அந்தப் பழக்கத்தோடு பார்த்தால் உங்கள் வகைகளெல்லாம் கலைந்துபோகும். பாலையா 1936இல், எல்லிஸ் ஆர். டங்கனின் ‘சதி லீலாவதி’யில், எம்.ஜி.ஆர். அறிமுகமான அதே படத்தில் திரைக்கு வந்தவர். வில்லனாக நெடுங்காலம் நடித்த பிறகுதான் சிரிக்கவைக்க வந்தார். ‘திருவிளையாடல்’ 1965இல் வந்த புராணப்படம். அதில் அவர் ஹேமநாத பாகவதர். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலில் ‘ஒருநாள் போதுமா’ என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பாடுவதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் அவர் கேட்பதைச் சொல்கிறேன். விறகுவெட்டியாக வந்த சிவாஜி வெளியே பாட, உள்ளே இருக்கும் பாகவதரின் கர்வம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதும், கரைகிற வேளையிலும் அந்த முகம் பாட்டை ரசிப்பதும் ஒன்றாகவே நடக்கின்றன. தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு வித்வான் தன்னைத் தோற்கடிக்கும் இசையை அனுபவிக்கிறார். இரவோடிரவாக ஊரைவிட்டுப் போகும் முடிவு அதற்குப் பிறகு வெறும் கதைதான்.

மூன்று ஆண்டுகள் கழித்து ‘தில்லானா மோகனாம்பாள்’. ‘நலந்தானா’ பாட்டில் பத்மினி ஆட, சிவாஜி வாசிக்க, நடுவில் தவிலோடு பாலையா. நாதஸ்வரத்தின் உண்மையான ஓசை மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. அரங்கில் இருக்கும் கூட்டத்துக்கு அது நாட்டியம். காயம்பட்ட கையோடு வாசிப்பவருக்கும் ஆடுபவருக்கும் இடையே நடக்கும் பேச்சு தவில்காரர் முத்துராக்குக்கு மட்டும் தெளிவாகக் கேட்கிறது. கேட்டுவிட்டேன் என்று காட்டிக்கொள்ளவும் முடியாமல், தாளத்தை விடவும் முடியாமல் அவர் படுகிற பாட்டைக் கவனித்திருக்கிறீர்களா? எப்படிக் கவனித்திருக்க முடியும்! ஒன்றரை மடங்கு வேகத்தில் மூன்று நொடி மௌனம் இரண்டு நொடியாகிவிடுகிறது. வசனம் அதைத் தாங்கும், கதையும் தாங்கும். ஒரு முகத்தில் ஓர் எண்ணம் தோன்றி, மறைந்து, வேறொன்றாக மாறுவதற்குத் தேவையான அந்த ஒரு நொடியைத்தான் நீங்கள் வெட்டி எறிந்திருக்கிறீர்கள். தவிலில் அடிக்கும் அடிகளுக்கு இடையிலுள்ள வெளியைச் சுருக்கிவிட்டு, அடி ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று சொல்வது போல இருக்கிறது உங்கள் கணக்கு. நகைச்சுவை முழுக்க முழுக்க அந்த வெளியில்தான் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு அது ‘சும்மா சிரித்துவிட்டுப் போகிற’ படமாகத் தோன்றியிருக்கிறது. நண்பர்கள் மேல் பழிபோட வேண்டாம்.

கோபம் போதும். ‘வீடு’ படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடும் ஒருவர் இப்படிச் செய்யலாமா என்ற ஆதங்கம்தான். 1988இல் வந்த அந்தப் படத்தில், பாதியில் நிற்கும் வீட்டைத் தாத்தா தனியாக வந்து பார்க்கிறார். சொக்கலிங்க பாகவதர் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடக்கும் அந்த நடையையும் விரலால் தள்ளி ஓட்டினீர்களா? ஓட்டியிருக்கமாட்டீர்கள் என்றே நம்புகிறேன். கலைப்படத்துக்குக் கொடுத்த அந்தப் பொறுமையைப் பாலையாவுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பட்டியல் கேட்டீர்கள். துப்பறியும் படத்தில் உங்களோடு சேர்ந்து எனக்கும் 1954இன் ‘அந்த நாள்’தான், பாட்டில்லாத படம் என்று அதைப் புகழ்ந்து எல்லோரும் சலித்துவிட்டார்கள். ஒவ்வொருவர் வாக்குமூலத்தையும் கேட்டுக்கொண்டிருக்கும் அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன்தான் படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். குடும்பப் படத்துக்கு ‘பாமா விஜயம்’, 1967. நடிகை பக்கத்து வீட்டுக்குக் குடிவந்ததும் மூன்று மருமகள்களும் போட்டிபோட்டு ஆடம்பரத்தில் இறங்க, மாமனாரான பாலையா எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுகிறார். கைப்பேசியை வைத்துவிட்டு, வீட்டில் பெரிய திரை இருந்தால் அதில், இயல்பான வேகத்தில் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். கதைச் சுருக்கமும் மதிப்பெண்ணும் வேண்டாம், அவர் எந்த இடத்தில் பேசாமல் இருந்தார் என்பதை மட்டும் எழுதினால் போதும்.

அன்புடன்